சத்தம் கழற்றிய சைக்கிள்

அக்கா உள்ளே வருவது யாருக்கும் தெரியாது. அடுப்படியில் நான் எனக்கு நானே பேசிக்கொண்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பேன். திரும்பினால் பக்கத்தில் உட்கார்ந்து அவளும் உரித்துக்கொண்டிருப்பாள். எத்தனையோ தடவை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கத்தியிருக்கிறேன். "ஒரு செருமல் செருமிட்டு வந்தா என்ன, கொறஞ்சா போயிருவீக?" என்று கேட்பேன். சிரிப்பாள். அந்தச் சிரிப்பும் காதில் விழாது.

அக்கா என்றால் கூடப் பிறந்தவள் இல்லை. என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி. விருதுநகரில் அந்த வீட்டுக்கு அவள் பெரிய மருமகள், நான் சின்ன மருமகள். நான் சிவகாசிக்காரி. அப்பா காலண்டர் அச்சடிக்கிறவர். கீழே மெஷின், மாடியில் குடித்தனம். சீசன் வந்துவிட்டால் மெஷின் நிற்கவே நிற்காது. அதற்கு மேலே கத்திப் பேசித்தான் நாங்கள் சோறு கேட்போம், சண்டை போடுவோம். கல்யாணமாகி வந்த புதிதில் இந்த வீட்டு அமைதியில் எனக்குத் தூக்கமே பிடிக்கவில்லை. யாரோ எல்லோரையும் கவனித்துக்கொண்டிருக்கிற மாதிரி இருந்தது. பிறகுதான் தெரிந்தது, உண்மையிலேயே ஒருவர் கவனித்துக்கொண்டுதான் இருந்தார்.

மாமனார் மிளகாய் வத்தல் கமிஷன் கடை வைத்து ஆளானவர். கண்ணில் பிரஷர் வந்து, வைத்தியம் தாமதமாகி, நான் வரும்போது அவருக்கு வெளிச்சமும் நிழலும் மட்டும்தான் தெரியும். கடையைப் பிள்ளைகள் இரண்டு பேரும் பார்த்தார்கள். ஆனாலும் புது லோடு இறங்கினால் ஒரு கை வத்தல் வீட்டுக்கு வந்துவிடும். ஒன்றை எடுத்துக் காதோரம் குலுக்குவார். நன்றாகக் காய்ந்திருந்தால் உள்ளே விதை கலகலவென்று உருளும். ஈரம் இருந்தால் சத்தம் மந்தமாக வரும். "தண்ணி தெளிச்ச சரக்கு. இறக்காத, அப்படியே திருப்பி அனுப்பு" என்பார். அதற்கு மேல் பேச்சில்லை.

அதே காதை வைத்துத்தான் வீட்டையும் நடத்தினார். யார் எங்கே நிற்கிறார்கள், யார் சாப்பிடாமல் எழுந்தார்கள், யார் ஃபோனில் பேசுகிறார்கள், எல்லாம் முன்னறையில் உட்கார்ந்தபடியே தெரியும். "சின்னவளே, கொலுச மாத்தி வேற போட்டிருக்கியோ?" என்று கேட்பார். மாற்றித்தான் இருப்பேன். கொடுமைக்காரர் இல்லை. அதுதான் தொல்லையே. வாய் விட்டுத் திட்டுகிறவராக இருந்தால் பதிலுக்கு நானும் இரண்டு வார்த்தை மனசுக்குள் திட்டிவிட்டுப் போயிருப்பேன். இவர் அன்பாகக் கேட்பார், தலைவலி என்றால் தைலம் வாங்கிவரச் சொல்வார். ஆனால் ஒரு தடவை சொன்ன சொல்லை மட்டும் மாற்ற மாட்டார்.

அக்காவைப் பற்றி அப்படி ஒரு சொல் சொல்லியிருந்தார்.

ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் அக்காவின் அப்பா எண்ணெய்க் கடை வைத்திருந்தார். அவர் காலமான பிறகு தம்பி ஒரு பட்டாசுக் கம்பெனிக்கு வேலைக்குப் போனான். அங்கே வேலை பார்த்த அச்சங்குளத்துப் பெண்ணைக் கல்யாணம் பண்ணிக்கொண்டு வந்துவிட்டான். சாதி வேறு. அம்மாவும் மகனோடு, அந்த மருமகளோடு, அதே வீட்டில் இருந்துகொண்டாள். மாமா குரலை உயர்த்தாமல் சொன்னாராம்: "அந்த வீட்டு வாசப்படிய மிதிச்சா இந்த வீட்டு வாசப்படிய மிதிக்கக் கூடாதும்மா." அவ்வளவுதான். அத்தான், அதாவது அக்காவின் வீட்டுக்காரர், "அப்பா சொல்லிட்டாகள்ல" என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போய்விட்டார். அவர் எல்லாவற்றுக்கும் அப்படித்தான் கடைக்குப் போய்விடுவார்.

பொறுத்துக்கொண்டுதான் இருந்தாள். நான் வந்த மறு வருஷம் அவள் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து ஒரு கையும் காலும் விழுந்துவிட்டது. தம்பியையும் தம்பி பெண்டாட்டியையும் விடிந்ததும் கம்பெனி வேன் வந்து ஏற்றிப் போகும், பொழுது சாயத்தான் கொண்டுவந்து விடும். நடுவில் அந்தம்மா தனியாகக் கிடப்பாள். கட்டில் பக்கத்தில் கஞ்சி இருக்கும். எடுத்துக் குடிக்கக் கை வராது. இதை என்னிடம் சொன்னபோதும் அக்கா குரல் உயரவில்லை. "மத்தியானம் ஒரு வாய் யாராச்சும் ஊட்டி விட்டாப் போதும்" என்றாள். ஊட்டிவிட அவள் இருந்தாள். போகத்தான் முடியாது.

மாமா மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் தூங்குவார். அந்தத் தூக்கத்துக்குள் நடந்து போய் ஊட்டிவிட்டு நடந்தே திரும்ப முடியாது. ஆட்டோ என்றால் ஊருக்கே தெரியும். அப்போதுதான் அந்தச் சைக்கிள் அவள் கண்ணில் பட்டது.

அத்தான் மகனுக்காக மதுரையிலிருந்து வாங்கி வந்தது. மலையேறுகிற சைக்கிளாம். தடித்த டயர், முன்னால் ஷாக் அப்சர்பர், பதினெட்டு கியர். விருதுநகரில் ஏறுவதற்கு மேம்பாலத்தை விட்டால் வேறு மேடு கிடையாது. பையன் லீவில் வந்தபோது அதைக் கொஞ்ச நாள் ஓட்டி முழங்காலைத் தேய்த்துக்கொண்டு, வெளியூர் ஹாஸ்டலுக்குத் திரும்பிப் போய்விட்டான். சைக்கிள் பின்கட்டு மூட்டை அறையில் சாத்திக் கிடந்தது.

அக்காவுக்கு சைக்கிள் தெரியும். சின்ன வயதில் எண்ணெய் டின் கட்டி ஓட்டியவள். பையனுடைய சைக்கிள், பார் தாழ்வாகத்தான் இருந்தது. சேலைக்கு உள்ளே சுடிதார் பேன்ட் போட்டுக்கொண்டால் சேலையைத் தூக்கிச் செருகி ஏறிவிடலாம். எல்லாம் யோசித்துவிட்டாள். முதல் நாள் அதைப் பின்வாசலுக்கு உருட்டிக்கொண்டு போனாள். டிக் டிக் டிக் என்று அது பேச ஆரம்பித்தது. உள்ளே மாமாவின் குறட்டை சட்டென்று நின்றது.

"யாருலே அங்கன சைக்கிள உருட்டுறது?"

"தூசி தட்டுறேன் மாமா."

அன்றிலிருந்து அவள் அந்தச் சைக்கிளிலிருந்து ஒவ்வொரு சத்தமாகக் கழற்ற ஆரம்பித்தாள். ஸ்டாண்டை, மட்கார்டை, சிவப்புக் கண்ணாடியை எல்லாம் கழற்றினாள். எல்லாவற்றுக்கும் முதலில் கழற்றியது மணியை. துணியில் சுற்றி அரிசிப் பானைக்குள் போட்டு வைத்தாள்.

பிறகு சாக்கை விரித்துச் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்துவாள். சக்கரத்தைச் சுற்றிவிட்டுக் கண்ணை மூடிக் கேட்பாள். மாமா வத்தலைக் குலுக்கிக் கேட்கும்போது முகம் எப்படி இருக்குமோ அப்படியே இருக்கும். நான் பக்கத்தில் நின்று தொணதொணவென்று பேசினால் விரலைத் தூக்குவாள். வாயை மூடிக்கொள்வேன். வாழ்க்கையில் நான் வாயை மூடிப் பழகியது அங்கேதான்.

உருட்டும்போது வருகிற டிக் டிக் பின் சக்கரத்து ஃப்ரீவீலில் இருந்து வந்தது. எண்ணெய்க் கடைக்காரர் மகளல்லவா, வீட்டில் இருந்த எண்ணெய் எல்லாவற்றையும் விட்டுப் பார்த்தாள். கடலை எண்ணெய் மண்ணைக் கூட்டிக் களியாக்கியது. நல்லெண்ணெய் இரண்டு நாளில் போன இடம் தெரியவில்லை. ஆமணக்கெண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டதும் டிக் டிக் அடங்கிப்போனது. ஆசையில் ஒரு நாள் அதிகமாக விட்டுவிட்டாள். உள்ளே பிடிப்பு வழுக்கி, பெடல் மிதித்தால் சும்மா சுற்றியது. மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவி மறுபடி முதலிலிருந்து.

செயினைப் பழைய பல்துலக்கும் பிரஷால் தேய்த்துக் கழுவி, தையல் மெஷின் எண்ணெயைக் கண்ணிக்கு ஒரு சொட்டு விட்டு, மேலே இருந்ததை எல்லாம் துடைத்துவிட்டாள். "எண்ணெய் உள்ள இருக்கணும். வெளிய இருந்தா மண்ணத்தான் சேக்கும்" என்றாள். சந்தில் கல் பரவிய இடத்தில் ஏறி இறங்கினால் செயின் துள்ளி ஃப்ரேமில் பட் பட்டென்று அடிக்கும். அடிக்கிற சட்டத்தில் பழைய டியூபைக் கிழித்து இறுக்கிச் சுற்றினாள். பிரேக் ஒயரும் கியர் ஒயரும் ஃப்ரேமில் தட்டின. ஒயருக்கும் கம்பிக்கும் நடுவில் ஜாக்கெட் துணியை மடித்து வைத்து நூலால் கட்டினாள். ஷாக் அப்சர்பர் இடிக்கிற இடத்தில் குக்கர் கேஸ்கெட்டை வெட்டி வைத்தாள். அந்த வாரம் குக்கர் இல்லாமல் பருப்பு வேகவே இல்லை, நான்தான் திட்டு வாங்கினேன். சீட்டுக் குழாயை உருவித் துடைத்து மெழுகுவர்த்தி தேய்த்துத் திருப்பி மாட்டினாள். பிரேக் கட்டை கத்தியது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததும் அதுவும் வாயை மூடியது.

கியர்தான் பாடாய்ப்படுத்தியது. ஒவ்வொரு கியராகப் போட்டுக் கேட்டாள். ஒன்றில் உரசும், ஒன்றில் கரகரக்கும், மாற்றும்போது எல்லாமே கடகடக்கும். பதினெட்டில் ஒன்றே ஒன்றுதான் சுத்தமாகச் சத்தமில்லாமல் ஓடியது. அதில் வைத்துவிட்டு, மாற்றுகிற பிடியைத் துணி போட்டுக் கட்டிவிட்டாள். அதன் பிறகு மேம்பாலமானாலும் சரி, எதிர்காற்றானாலும் சரி, அந்த ஒரு கியர்தான்.

எல்லாம் முடிந்தும் ஒரு சத்தம் மட்டும் மிஞ்சியது. பெடல் மிதிக்கும்போது மட்டும் டிங், டிங் என்று மெல்லிசாக வரும். தலைகீழாக நிறுத்திச் சுற்றினால் வராது. பெடலைக் கழற்றி மாட்டினாள், ஒவ்வொரு கம்பியாக விரலால் தட்டிப் பார்த்தாள். அக்கா அழுது நான் முதலில் பார்த்தது அந்த வாரம்தான். அம்மா கஞ்சியைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறாளே என்ற அழுகை. நான்தான் கண்டுபிடித்தேன். அவள் ஏறி மிதிக்கும்போது பக்கத்திலேயே குனிந்து நடந்தேன். சத்தம் சைக்கிளில் இல்லை. தாலிச் சங்கிலியில் ஊக்குகளைக் கோத்து வைப்போமே, அந்த ஊக்குகள் ஒன்றோடொன்று மோதுகிற சத்தம் அது. ஊக்கை எல்லாம் கழற்றிவிட்டுத் தாலியை ஜாக்கெட்டுக்குள் போட்டுக்கொண்டாள். மறுநாள் மத்தியானம் போய்விட்டு வந்தாள்.

வந்து நின்றவள் முகத்தை எனக்கு இன்னும் மறக்கவில்லை. வேர்த்து, கருத்து, சிரித்துக்கொண்டு. "முழுசா சாப்பிட்டாக" என்றாள்.

இரண்டு வருஷம் இது நடந்தது. மாமாவின் குறட்டை கேட்டதும் அக்கா பின்வாசலில் இறங்குவாள். நான் முன்னறை ஓரத்தில் உட்கார்ந்துகொள்வேன். அவர் விழித்துக்கொண்டால் ஏதாவது பேசிப் பிடித்து வைப்பது என் வேலை. அது எனக்குக் கஷ்டமில்லை. பின்சந்தில் குடோன் சுவரோரம் லோடுமேன்கள் படுத்திருப்பார்கள். பார்த்தவர்கள் பார்த்தார்கள். முதலாளி வீட்டு மருமகளைப் பற்றி முதலாளியிடமே போய்ச் சொல்ல எவனுக்குத் தைரியம் வரும்? பயமெல்லாம் ரயில்வே கேட் மேல்தான். கூட்ஸ் வண்டி நின்றுவிட்டால் கேட்டைத் திறக்க மாட்டார்கள். அன்றைக்கெல்லாம் நான் மாமாவிடம் என் சின்ன வயதுக் கதை முழுக்கச் சொல்லியிருக்கிறேன். "நீ ரொம்பப் பேசுற சின்னவளே" என்பார். ஆனால் கேட்டுக்கொண்டிருப்பார்.

மின்வெட்டு நேரங்கெட்ட நேரத்தில் வந்துகொண்டிருந்த காலம் அது. ஒரு நாள் மாமா படுத்த கொஞ்ச நேரத்தில் கரண்ட் போய் விசிறி நின்றுவிட்டது. அன்றைக்கென்று நான் காவலை விட்டுவிட்டு மொட்டைமாடிக்குத் துணி எடுக்கப் போயிருந்தேன். புழுக்கம் தாங்காமல் எழுந்தவர் யாரையும் கூப்பிடாமல், சுவரைத் தடவிக்கொண்டே பின்வாசலைத் திறந்து காற்றுக்காகச் சந்தில் போய் நின்றிருக்கிறார். அக்கா அன்றைக்கு கேட்டில் மாட்டிக்கொண்டு, நேரமாகிவிட்டதே என்று வேகமாக வந்திருக்கிறாள். குடோன் மூலை திரும்பினால் எங்கள் வாசல். வருகிறது அவருக்குக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சுவரோரம் ஒதுங்கியிருப்பார், லாரிக்கே ஒதுங்கத் தெரிந்தவர். காற்று வந்த பக்கம் நடுச்சந்துக்கு நகர்ந்தார். அவர் காதுக்குப் பயந்து சத்தமில்லாமல் ஆக்கிய சைக்கிள் அவர் மேலேயே மோதியது.

விழுந்த சத்தம் கேட்டு நான் ஓடி வந்தேன். மாமா தரையில் கிடந்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு, ஒரு கையைக் காற்றில் நீட்டித் துழாவினார்.

"யாருலே அது? சத்தமே இல்லாம வந்து விளுந்தது யாருலே?"

அக்கா எழுந்து நின்றுகொண்டிருந்தாள். முழங்கை கிழிந்து ரத்தம். சந்தில் வேறு யாரும் இல்லை. நான் வாசலிலிருந்து கையை ஆட்டினேன். போயிருங்க, போயிருங்க, அந்தப் பக்கமாப் போயி முன்வாசல் வழியா வாங்க. அவருக்கு என் கை தெரியப் போவதில்லை. அவள் பேசாமல் இருந்தால் போதும். பேசாமல் இருப்பது அவளுக்குப் புதுசா? அவள் என்னைப் பார்த்தாள். சந்தின் மறுமுனையைப் பார்த்தாள். அவர் நீட்டிய கையைப் பார்த்தாள்.

"நாந்தான் மாமா. பெரியவ" என்றாள். குனிந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மதுரையில் ஆபரேஷன் செய்து இடுப்பில் தகடு வைத்தார்கள். வீட்டுக்கு வந்த பிறகும் கட்டிலோடுதான். எங்கே போனாய் என்று அவர் கேட்கவே இல்லை. அது கேட்காமலே அவருக்குப் புரிந்துவிட்டது. "எம்புட்டு நாளா?" என்று மட்டும் கேட்டார்.

"ரெண்டு வருசமா மாமா."

"ரெண்டு வருசமா என் காதுல விளலையா?" அவருக்கு இடுப்பு உடைந்ததைவிட அதுதான் வலித்தது. மறுபடி, "ஒரு நாள்கூடவா?" என்றார்.

சைக்கிளை எடைக்குப் போடச் சொல்வார் என்று நினைத்தோம். அக்காவை ஏதாவது சொல்வார் என்று அத்தான் அன்றைக்குச் சீக்கிரமே கடைக்குப் போய்விட்டார். மாமா மற்ற எல்லோரையும் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார்:

"நான் என்ன அம்புட்டு கொடுமக்காரனா? புள்ளைக்கு சைக்கிள் ஓட்டணும்னு ஆசை இருந்தா எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல? ஓட்டட்டும். நம்ம களத்துல ஓட்டட்டும். ஆனா சத்தம் எனக்குக் கேக்கணும்."

அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சைக்கிள் ஆசை என்று ஆக்கிவிட்டார். நான் வாயைத் திறந்தேன். அக்கா என் கையை அமுக்கினாள்.

பின்கட்டில் வத்தல் காயப்போடுகிற சிமெண்ட் களம் இருந்தது. நாலு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேல் சுவர். மாமாவின் கட்டிலைக் களத்துப் பக்கத்து ஜன்னலோரம் மாற்றிப் போட்டார்கள். கடையிலிருந்து ஒரு ஆள் வந்து டியூபை உருவினான், துணிகளை அவிழ்த்தான், சக்கரக் கம்பிகளில் தட்டுகிற மாதிரி ஒரு தகரத்தை வைத்துக் கட்டினான். அரிசிப் பானையிலிருந்து மணியை அக்காவே எடுத்துக் கொடுத்தாள்.

அதிலிருந்து தினமும் மத்தியானம், மாமா சாப்பிட்டுப் படுத்ததும், அக்கா களத்தில் சைக்கிள் ஓட்டினாள். சடசடசடவென்று தகரம் தட்டும். செயின் அடிக்கும். ஜன்னலைத் தாண்டும்போது ஒரு மணி. சுவரோரமாக ஒரு சுற்று, மறுபடி ஒரு சுற்று. அந்தச் சத்தம் கேட்டால்தான் அவருக்குத் தூக்கம் வந்தது. நின்றால் விழித்துக்கொள்வார். "ஏம்மா, நின்னுட்ட? ஓட்டு, ஓட்டு." பார்க்க வந்த சொந்தக்காரர்கள் மூக்கில் விரல் வைத்தார்கள். "எந்த வீட்டுல மருமகள சைக்கிள் ஓட்ட விடுதாக? இவுகளுக்குப் பெரிய மனசு." அக்கா அவர்களுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தாள்.

 களத்தில் வத்தல் நெடி, மேலே வெயில், அவள் செக்கில் கட்டிய மாதிரி சுற்றுகிறாள். தம்பி பெண்டாட்டி என் செல்லுக்கு ஃபோன் பண்ணுவாள். கம்பெனியில் மத்தியானம் வெளியே விட மாட்டார்கள், கொஞ்ச நாள் லீவு போட்டுப் பார்த்தாளாம், இனி வர வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள் போலிருக்கிறதாம். "மதினிகிட்டச் சொல்லுங்க. அத்தை மத்தியானமானா வாசலப் பாத்துக்கிட்டே கெடக்காக. மதினி வரலைன்னு பக்கத்து வீட்டுக்காரவுக ஊட்டுனாலும் வாயத் தெறக்க மாட்டேங்காக." இதை அக்காவிடம் எப்படிச் சொல்வது? சொன்னேன். கேட்டுவிட்டு, போய் சைக்கிளில் ஏறினாள்.

அன்றைக்கு அவள் நாலைந்து சுற்று வந்திருப்பாள். நான் களத்துக்குள் இறங்கிக் கூடவே ஓடினேன். ஹேண்டில்பாரைப் பிடித்தேன். சிவகாசியில் பள்ளிக்கூடம் போனது சைக்கிளில்தான், எனக்கும் ஓட்டத் தெரியும். வேகம் குறையாமல் அவள் இறங்க, நான் ஏறினேன். தகரத்தின் சடசடப்பில் ஒரு தட்டு பிந்தியிருக்கும், அவ்வளவுதான். பின்வாசலைக் காட்டினேன். இனி அவளுக்குச் சைக்கிள் வேண்டியதில்லை. சத்தம் ஓடுகிற வரைக்கும் மாமா தூங்குவார், அவள் வீட்டில் இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு. எவ்வளவு நேரமானாலும் நான் ஓட்டுவேன், அவள் நடந்தே போய் வரலாம். அவளுக்கு அது புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போனாள்.

அப்படித்தான் நான் அந்தச் சுவருக்குள் சுற்ற ஆரம்பித்தேன். வெயிலைவிட, கால்வலியைவிட, பேச முடியாததுதான் கொடுமை. என் குரல் ஒரு வார்த்தை கேட்டாலும் தீர்ந்தது. மாமா சில நாள் அரைத்தூக்கத்தில் ஜன்னல் வழியாகப் பேசுவார். "வெயிலாருக்கா?" ஒரு மணி அடிப்பேன். "தண்ணி குடிச்சியா?" ஒரு மணி. சிவகாசியில் மெஷினுக்கு மேலே கத்தியவள் விருதுநகரில் மணி அடித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் ஜன்னலைத் தாண்டுகிறேன். அவர் முழு விழிப்பில் இருந்தார். கூரையைப் பார்த்தபடி கேட்டார்:

"ஏம்மா பெரியவளே. ஒங்கம்மா எப்படி இருக்காக?"

எனக்குக் கால் பெடலில் நின்றுவிட்டது. சத்தம் நிற்கப் போகிறதே என்று மிதித்தேன். எத்தனை வருஷம் அக்கா காத்திருந்த கேள்வி. அவள் அந்த நேரத்தில் கேட்டுக்கு அந்தப் பக்கம் அம்மாவின் வாயைத் துடைத்துவிட்டுக்கொண்டிருப்பாள். நான் என்ன சொல்ல? முடியவில்லை மாமா, உங்கள் ஒரு வார்த்தைக்காகக் கிடக்கிறார்கள் மாமா என்று கத்த வேண்டும் போலிருந்தது. கத்தினால், பெரியவள் எங்கே என்று கேட்பார். இன்னொரு சுற்று வந்தேன். ஜன்னல் பக்கத்தில் ஒரு மணி அடித்தேன். அவர் "ம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அக்கா வந்ததும் மூட்டை அறைக்கு இழுத்துப் போய்ச் சொன்னேன். நம்பவில்லை. "எப்படிக் கேட்டாக? கோவமாவா? எந்தக் கொரல்ல?" திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னாள். "நீ என்ன சொன்ன?"

"மணி அடிச்சேங்க்கா."

சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். எனக்கும் பொங்கிவிட்டது. நாங்கள் இரண்டு பேரும் சத்தமில்லாமல் அழுதோம்.

மறுநாளிலிருந்து அவள் திரும்பி வந்ததும் என்னை இறக்கிவிட்டுத் தானும் கொஞ்ச நேரம் ஓட்டினாள். ஜன்னல் பக்கத்தில் மட்டும் மெதுவாகப் போவாள். பதில் தயாராக இருந்தது. என்னிடம் சொல்லிப் பார்த்திருக்கிறாள்: "இருக்காக மாமா. ஒங்களையும் கேட்டாக." ஜன்னலுக்கு நேராக வரும்போது வாய் பாதி திறந்திருக்கும். அவர் குறட்டை விட்டுக்கொண்டிருப்பார், இல்லையென்றால் பேசாமல் படுத்திருப்பார். தானாகச் சொல்லிவிடுங்கள் என்று எவ்வளவோ சொன்னேன். "அவுக கேக்கட்டும்" என்றாள். அவர் மறுபடி கேட்கவில்லை.

மழைக்காலத்தில் அவள் அம்மா செத்துப்போனாள். செய்தி வந்ததும் மாமா கார் ஏற்பாடு பண்ணச் சொன்னார். "சாவுக்கு அந்த வெலக்கெல்லாம் கெடையாது. எல்லாரும் போங்க. மாலை பெருசா வாங்கு" என்றார். உயிரோடு இருந்தவரைக்கும் மிதிக்கக் கூடாத வாசப்படியில் நாங்கள் குடும்பத்தோடு காரில் போய் இறங்கினோம். அத்தான்கூட வந்தார். அக்கா முன்வாசல் வழியாக அந்த வீட்டுக்குள் போனதை அன்றைக்குத்தான் பார்த்தேன். அப்போதும் சத்தம் போட்டு அழவில்லை. அழுவதற்கென்று வந்திருந்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

காரியமெல்லாம் முடிந்து ஒரு மத்தியானம் மாமா ஜன்னலோரம் படுத்துக்கொண்டு, "என்னம்மா, சத்தத்தையே காணோம்?" என்றார். அக்கா சைக்கிளை எடுத்தாள். இரண்டு சுற்று வந்தாள். பழக்கத்தில் நான் களத்துக்குள் இறங்கி ஹேண்டில்பாரைப் பிடிக்கக் கையை நீட்டிக்கொண்டு ஓடினேன். அவள் நிற்கவில்லை.

"விடு" என்றாள் மெதுவாக. "போறதுக்கு எங்கன இருக்கு? நானே ஓட்டுறேன்."

நான் சுவரோரம் நின்றுகொண்டேன். தகரம் தட்டியது, செயின் அடித்தது. ஜன்னலைத் தாண்டும்போது உள்ளேயிருந்து குரல் வந்தது. இத்தனை மாதமாக என் மிதியைக் கேட்டுத் தூங்கிப் பழகிய காது அது.

"மிதி வேற மாதிரி இருக்கே. யாரும்மா ஓட்டுறது?"

"நாந்தான் மாமா" என்றாள் அக்கா. "பெரியவ."

மணியை ஒரு தடவை அடித்துவிட்டு அடுத்த சுற்றுக்குத் திரும்பினாள்.